தேயிலைக் கட்டையில் மூன்று காது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமே பேனா பிடித்திருக்கிறேன். எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். வரிகள் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போகின்றன. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. இந்தக் கதையை ஒரு தடவை வேலை செய்யும் இடத்தில் சொல்ல ஆரம்பித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் முகம் சூடாகி, “சரி, அப்பறம் பாப்போம்” என்று எழுந்து போய்விட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் தலவாக்கலைக்கு மேலே இருக்கிறது. நான் ஸ்டோரில் வேலை செய்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டருக்கு நான் கையாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, கிரீஸ் வைப்பது, குனிந்து பார்க்க முடியாத இடத்துக்கு டார்ச் பிடிப்பது, இவை என் வேலை. மனைவி கொழுந்து எடுக்கிறாள். ஒரே மகன். இருபது வயது தாண்டியவன்.

மகன் முன்பு கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு இருந்தான். கடைக்குப் பின்னால் சாமான் அடுக்கிய அறையிலேயே படுக்கை. ஊருக்குத் திரும்பி வந்தபோது ஒரு கிட்டாரும் விடாத இருமலும்தான் கொண்டு வந்தான். கிட்டாரை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. போனில் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தான். இருமல் எங்கள் குளிரில் மெல்ல நின்றுபோனது. பிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தான். காலை பஸ்ஸில் போய், இருட்டும் நேரத்தில் வருவான்.

சுற்றுலாக்காரர்கள் குவியும் ஏப்ரல் சீசன் வந்தது. அந்த ஹோட்டலில் சாப்பாட்டு நேரத்தில் கிட்டார் வாசிக்கிறவர் திடீரென்று வேறு இடத்துக்குப் போய்விட்டார். என் மகன் எப்போதோ சமையல்கட்டில் வாசித்ததை மேனேஜர் கேட்டிருக்கிறார். “சனிக்கிழமை சாயங்காலம் வாசித்துக் காட்டு, நன்றாக இருந்தால் அந்த வேலையை உனக்கே தருகிறேன்” என்று சொல்லியிருந்தார். நன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். சீசன் முடிந்ததும் பாத்திரம் கழுவும் ஆட்களைக் குறைப்பார்கள். மறுபடியும் கொழும்பு, மறுபடியும் அந்த அறை. இதை அவன் அம்மாவிடம்தான் சொன்னான். நான் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய வியாழக்கிழமை. இரவு ஷிப்டு முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். மனைவி கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விட்டாள். மகன் வேலைக்குப் போகும் முன் கிட்டாரின் பழைய கம்பிகளைத் தளர்த்தி, அடுப்படிச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் போயிருந்தான். வரும்போது புதுக் கம்பி வாங்கி வந்து மாற்றுவதாக ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்திருக்கிறார். மனைவியின் அண்ணன், அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருக்கிறார். காமன் கூத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் எங்கள் தோட்டத்தில் முன்னால் நின்று தப்பு அடிப்பவர் அவர்தான். தப்பை அப்படியே எடுத்து அடித்துவிட முடியாது. எங்கள் மலைப் பனிக்குத் தோல் தொளதொளத்துப் போயிருக்கும். சருகைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் காட்டிக் காய்ச்சினால்தான் தோல் விறைத்துச் சத்தம் எழும்பும். இதை அவர் சின்ன வயதிலிருந்து செய்கிறார்.

மருமகன் ஹோட்டலில் வாசிக்கப் போகிறான் என்று கேட்டதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே வந்தவர் கிட்டாரைப் பார்த்தார். கம்பியெல்லாம் தொங்கிக் கிடந்தது. பனி ஏறிவிட்டது என்று நினைத்தார். அடுப்பில் தணல் இருந்தது. ஊதி எரியவிட்டு, கிட்டாரின் தலைப்பக்கத்தை நெருப்புக்கு நேராகப் பிடித்தார். கம்பியை முறுக்குகிற இடம் அதுதானே, அங்கேதான் தளர்ச்சி இருக்கும் என்பது அவர் கணக்கு.

பிளாஸ்டிக் கருகும் வாடையில்தான் நான் எழுந்தேன். மச்சான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“மச்சான், ஒரு காரியம் ஆகிப்போச்சிங்க.”

“என்னாங்க?”

“லேசாத்தான் சூடு காட்டுனேன். காது உருகிருச்சி.”

கிட்டாரின் தலையில் பக்கத்துக்கு மூன்றாகக் கம்பி முறுக்கும் பிடிகள் இருக்கின்றன. மகன் அதைக் கீ என்பான். மச்சானின் வாயில் அது காது என்று வந்தது. பார்த்தால் காது மாதிரியேதான் இருக்கும். நெருப்புப் பக்கம் இருந்த மூன்று காதும் மெழுகுபோலத் தொங்கி வழிந்திருந்தன. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பதறிப்போய், இறுகுகிறதா என்று குறட்டால் பிடித்துத் திருகியிருக்கிறார். அடியில் இருந்த காதின் இரும்புத் தண்டே வளைந்துவிட்டது.

மனைவி மத்தியானம் கொழுந்து நிறுக்க இறங்கியபோதே யாரோ சொல்லிவிட்டார்கள். கூடையை இறக்காமலே உள்ளே வந்தாள்.

“ஏண்ணே, ஒங்களுக்கு நெருப்பக் கண்டா கை சும்மாவே இருக்காதா?”

“தோலு தளந்து கெடந்தா சத்தம் வராதே தங்கச்சி.”

“அதுல எங்கண்ணே தோலு இருக்கு?”

“இல்லேன்னு உருகுனப்பறம்தானே தெரிஞ்சிச்சி.”

“நல்லவேளை, எங்க ரேடியோ தளந்து போகல. அதையும் காய்ச்சிருப்பீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சானின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் யாருடைய கைகளோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மகன் வந்தான். கையில் புதுக் கம்பி இருந்த உறை. கிட்டாரைப் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினான். திரும்பி வந்து, “இந்தக் கீ ஹட்டன்ல இல்லையாம். கண்டியில இருக்காம், ஆனா திங்கக்கெழமதான் எடுக்கலாமாம்” என்றான்.

“யாருகிட்டயாச்சும் எரவல் கேக்கலாமேப்பா” என்றாள் மனைவி.

“சீசன்ல யாரும்மா குடுப்பா? கிட்டார் வச்சிருக்கிறவன் எல்லாருக்கும் சனிக்கெழம வேல இருக்கு.”

மச்சான் மெல்ல, “மருமகனே, என்னைய நாலு வார்த்த திட்டிருப்பா” என்றார்.

“திட்டி என்னா மாமா ஆகப்போவுது. நீங்க நல்லதுன்னு நெனச்சித்தானே செஞ்சீங்க.”

அப்படிச் சொல்லிவிட்டுப் புதுக் கம்பி உறையைத் தட்டின் மேல் வைத்தான். வைத்த விதத்தில், அவன் மனதுக்குள் கொழும்புக்குப் பை கட்ட ஆரம்பித்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

“நான் பாக்கவா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“அப்பா, அது ஒங்க ஸ்டோரு ட்ரையர் இல்லப்பா.”

“தெரியும். சும்மா கழட்டிப் பாக்குறேனே.”

வெள்ளிக்கிழமை காலையில் இரவு ஷிப்டு முடிந்து வந்ததும் படுக்கவில்லை. வாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். காதுகள் மூன்றும் ஒரே தகட்டில் பொருத்தப்பட்டிருந்தன. தகட்டைப் பிடித்திருந்த ஆணிகள் மிகச் சிறியவை. என்னிடம் இருந்த ஸ்க்ரூ டிரைவர் எதுவும் அதில் உட்காரவில்லை. உடைந்த குடைக் கம்பி ஒன்றை எடுத்து நுனியை அரத்தில் தேய்த்து, அதைக் கொண்டு கழற்றினேன். தகட்டைத் திருப்பி, புகைக்கரியையும் பிளாஸ்டிக்கையும் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

அங்கே நான் பார்த்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் ஸ்டோரில் தேயிலையைக் காய வைக்கும் ட்ரையர் ஒன்று இருக்கிறது. மோட்டார் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். ஆனால் தேயிலைத் தட்டுகள் எறும்பு ஊர்வதுபோல நகரும். அந்த வேகத்தை இந்த நிதானமாக மாற்றுவது நடுவில் உள்ள ஒரு பெட்டி. ஒரு தடவை பிட்டர் அதைத் திறந்தபோது டார்ச் பிடித்திருந்தேன். உள்ளே என் கை நீளத்துக்கு ஒரு திருகு. அதன் புரியில் பல்லைக் கொடுத்துக்கொண்டு அண்டா அளவுக்கு ஒரு சக்கரம். திருகு ஒரு முழுச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். எண்ணெயில் நனைந்து பளபளவென்று இருந்தது. அன்று டார்ச்சைத் தாழ்த்தவே எனக்கு மனம் வரவில்லை. “லைட்ட ஒழுங்கா பிடி” என்று பிட்டர் சத்தம் போட்டார்.

அதே திருகு, அதே சக்கரம், இந்தத் தகட்டில் இருந்தது. சக்கரம் ஒரு பருப்பு அளவுதான். காதைத் திருகினால் திருகு சுற்றும், சக்கரம் பல் பல்லாக நகரும், சக்கரத்தின் நடுவில் உள்ள குச்சி கம்பியைச் சுற்றிக்கொள்ளும். யாரோ ஒருவர் எங்கள் ட்ரையர் பெட்டியை எடுத்து, மந்திரம் போட்டு, விரல் நகத்தில் நிற்கும் அளவுக்குச் சுருக்கியதுபோல் இருந்தது.

தண்டு வளையாத ஒரு காதைத் திருகிப் பார்த்தேன். குச்சி சுற்றியது. பிறகு குச்சியைக் குறட்டால் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன். அப்போதும் அசையவில்லை. திருகு சொன்னால் சக்கரம் கேட்கிறது. சக்கரம் எவ்வளவு முரண்டினாலும் திருகு திரும்பிப் பார்ப்பதே இல்லை. முறுக்கிய கம்பி அத்தனை பலத்தோடு இழுத்துக்கொண்டே இருந்தும் தானாக அவிழாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். பூட்டு இல்லை, கொக்கி இல்லை. பல் சாய்ந்திருக்கும் சாய்வு மட்டுமே. இதை முதன்முதலில் நினைத்தவர் எந்த ஊர்க்காரரோ, அவருக்கு என்ன வயதோ தெரியாது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல எனக்கு ஒரு கூச்சம் வந்தது. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

“என்னா மச்சான், கெட்டுப்போச்சா?”

மச்சான் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை.

“பல்லுக்கு ஒன்னும் ஆகலைங்க. காது மட்டும் புதுசா வேணும். தண்ட நிமித்தணும்.”

“எதுல செய்வீங்க?”

எனக்கும் அதுதான் தெரியவில்லை. கொய்யாக் கொம்பில் செய்யலாமா என்று யோசித்தேன். பச்சை மரம் காய்ந்தால் வெடிக்கும். மச்சான் எங்கள் விறகு அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைத்தபோது கொண்டு வந்த அடிக்கட்டைகள் அதில் இருந்தன. அடுப்புப் பக்கத்தில் கிடந்து நன்றாகக் காய்ந்தவை. அந்தக் கட்டையை வெட்டுவதென்றால் கத்திதான் அழும்.

“இந்தச் சனியனத்தான் எரிச்சி காத உருக்குனேன். இதுலயே செஞ்சிருவோம்” என்றார்.

தப்புக்குக் குச்சி சீவிப் பழகிய கை அவருக்கு. ஒரு துண்டைப் பிளந்து கொடுத்தேன். உட்கார்ந்து சீவ ஆரம்பித்தார். நான் தண்டைப் பார்த்தேன். மற்ற வேலைகளில் எல்லாம் தவறினால் திருத்திக்கொள்ளலாம். இது ஒன்று மட்டும் அப்படி இல்லை. தண்டும் திருகும் ஒரே உருப்படி. சுத்தியலால் தட்டினால் முறிந்துவிடும். முறிந்தால் சனிக்கிழமை போய்விடும். ஒரு சின்னக் குழாய்த் துண்டைத் தண்டின் மேல் மாட்டினேன். தகட்டை மச்சான் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். குழாயை மெதுவாக, மிக மெதுவாகச் சாய்த்தேன். இரும்பு விட்டுக்கொடுப்பது கையில் தெரிந்தது. வெண்ணெய்போல ஒரு நிமிஷம், பிறகு மறுப்பதுபோல ஒரு நிமிஷம். மறுக்கும்போது நிறுத்தினேன். கொஞ்சம் விட்டு மறுபடி சாய்த்தேன்.

“மச்சான், மூச்சு விடுங்க” என்றார் அவர்.

“நீங்க விடுங்க மொதல்ல.”

தண்டு நேரானது. திருகிப் பார்த்தேன். எங்கேயும் உரசாமல் சுற்றியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே திருகிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை.

மச்சான் சீவிக் கொடுத்த காதுகள் மூன்றும் ஒன்றுபோல இல்லை. ஒன்று கொஞ்சம் தடிமன். ஆனால் தேய்த்துத் துடைத்ததும் கட்டைக்குள் ஒரு சிவப்பு ஓட்டம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து தேயிலைக்கு நடுவில்தான் இருக்கிறேன். இலையின் உள்ளும் புறமும் எனக்குத் தெரியும். அந்தச் செடி தன் வயிற்றுக்குள் இப்படி ஒரு நிறத்தை வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு காதிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, இரண்டு குழாய்களில் வரும் ஒட்டுப் பசையைக் கலந்து வைத்து, தண்டில் அழுத்திச் செருகினேன். பசை இறுக வேண்டும். வெயிலைக் காணோம், பனி இறங்கிக்கொண்டிருந்தது.

மச்சான் அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “லேசா...” என்றார்.

“வேணாங்க!”

கிட்டார் உருகியதிலிருந்து அப்போதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

மகன் வருவதற்குள் தகட்டைப் பூட்டிவிட்டேன். ஆணித்துளை ஒன்று தேய்ந்து பெரிதாகிப் போயிருந்தது. அதில் தீக்குச்சிச் சீவலைப் பசையோடு திணித்து ஆணியை இறுக்கினேன். அவன் வந்து, கை கழுவி, புதுக் கம்பிகளைப் போட்டான். தேயிலைக் கட்டைக் காதைத் திருகும்போது அவன் விரல் கொஞ்சம் தயங்கியது. கம்பியின் சத்தம் கீழிருந்து மேலே ஏறியது. ஏறி நின்றது. இறங்கவில்லை.

“நிக்குதுப்பா” என்றான்.

ஆனால் ஒரு கம்பியைத் தட்டினால் மட்டும் எங்கேயோ ஈ சிக்கிக்கொண்டதுபோல ஒரு அதிர்வு கேட்டது. மெல்லியதுதான். அவன் முகம் மாறியது. “இத வச்சிக்கிட்டு அங்க வாசிக்க முடியாதுப்பா. மைக்ல பெருசா கேக்கும்.”

எங்கே இருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மச்சான் கிட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். அப்போது எனக்குப் பிட்டரின் பழக்கம் ஒன்று ஞாபகம் வந்தது. ஓடுகிற மெஷினில் எந்தப் பேரிங் கெட்டிருக்கிறது என்று பார்க்க, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்துவார். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அந்த ஒரு பேரிங்கின் சத்தம் தனியாகத் தலைக்குள் வரும்.

நானும் அப்படியே செய்தேன். மகனை அந்தக் கம்பியைத் தட்டச் சொல்லிவிட்டு, நுனியை ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் வைத்தேன்.

அதற்கு முன்னும் அவன் வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன். வெளியிலிருந்து வரும் சத்தமாகக் கேட்டிருக்கிறேன். அன்று அது என் தலைக்குள்ளிருந்தே எழும்பியது. ஒரு கம்பிதான், ஒரு தட்டுத்தான். ஆனால் அந்த ஒன்றுக்குள் பல சத்தங்கள் இருந்தன. அடியில் ஒன்று கனமாக நின்றது. அதன்மேல் ஒன்று, அதற்கும் மேலே கண்ணாடி நுனிபோல ஒன்று. ஒன்று அடங்க அடங்க மற்றொன்று தெரிந்தது. விடியற்காலையில் மலைக்குப் பின்னால் மலை தெரிய வருவதுபோல இருந்தது. என் பல்லும் தாடையும் சேர்ந்து அதிர்ந்தன. இவ்வளவும் அந்த மெல்லிய கம்பிக்குள் இருக்கிறது, இதை என் மகன் தினமும் கையில் வைத்திருக்கிறான் என்று நினைத்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“என்னாங்க, கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“இன்னொரு தடவ தட்டுப்பா” என்றேன். ஈயை நான் முதல் தட்டிலேயே கண்டுபிடித்துவிட்டேன். நடுச் சக்கரத்தைப் பிடித்திருந்த சின்ன ஆணி தளர்ந்திருந்தது. அதை அவர்களிடம் உடனே சொல்லவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஆணியை இறுக்கினேன். அதிர்வு போய்விட்டது.

சனிக்கிழமை எனக்கு ஷிப்டு இல்லை. “அப்பா, நீங்களும் வாங்க. நடுவுல எதாச்சும் தளந்துச்சின்னா எனக்குப் பாக்கத் தெரியாது” என்றான். நான் ஹோட்டலுக்குள் போகிறவன் இல்லை. சமையல்கட்டுப் பின்வாசல் வரைக்கும் என்று சொல்லிப் போனேன். குடைக் கம்பி ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

பாத்திரம் கழுவுகிற பையன்கள் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். சாப்பாடு எடுத்துப் போகிறவர்கள் கதவைத் தள்ளும்போதெல்லாம் கூடம் கொஞ்சம் தெரியும், மூடிக்கொள்ளும். கதவு ஒரு தடவை திறந்தபோது அவன் நாற்காலியில் உட்கார்வது தெரிந்தது. அடுத்த தடவை திறந்தபோது வாசித்துக்கொண்டிருந்தான். மேசைகளில் இருந்தவர்கள் முதலில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு அவர்கள் முகம் தெரியவில்லை. நான் கிட்டாரின் தலையை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டும் முடியும்போது என் கை சட்டைப் பைக்குப் போகும்.

ஒரு பாட்டு முடிந்ததும் அவன் தலையைச் சாய்த்து ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தான். சத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. புதுக் கம்பி, இழுபட்டுத்தான் நிலைக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. எழுந்து நின்றுவிட்டேன். அவன் நிதானமாக மர நிறத்துக் காதைப் பிடித்தான். கொஞ்சம்தான் திருகினான். சத்தம் ஏறி, தன் இடத்தில் போய் நின்றது. அவன் என்னைத் தேடிக் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டான். வீட்டில் என்னைப்போலவே வாய் திறக்காத பிள்ளை, தெரியாத மனிதர்கள் அத்தனை பேர் நடுவில், யார் துணையும் தேடாமல் உட்கார்ந்திருந்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பையைத் தொடவில்லை. கூடத்தில் பேச்சுக் குறைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

எல்லாம் முடிந்த பின் மேனேஜர் சமையல்கட்டுக்கு வந்தார். தலைமைச் சமையல்காரரிடம் சிங்களத்தில் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து பாத்திரத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னார். இந்தப் பையன் கூடத்துக்கு வந்துவிடுவான் என்றார். என்னைப் பார்த்து, யாரென்று தெரியாமலே தலையை அசைத்துவிட்டுப் போனார்.

மகன் கிட்டாரை உறையில் வைத்துக்கொண்டு வந்தான். “பஸ்ஸு போயிரும்ப்பா” என்றான். நடந்தோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கத்து இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, கிட்டாரை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனான். அவன் தலை என் தோளில் விழுந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நான் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.

கொழும்புப் பேச்சை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. இன்றைக்கும் அவன் மத்தியான பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போயிருக்கிறான். இந்நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். இங்கே மழை பிடித்துக்கொண்டது.

ஆடி மாதம், இரண்டாம் சனிக்கிழமை, சாயங்காலம்.